கையை வைப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: இயன்மருத்துவச் செய்முறைப் பரீட்சை அனுபவம்

கொழும்பில் இயன்மருத்துவ இறுதியாண்டுச் செய்முறைப் பரீட்சைக்கு நான் முதன்முறை தோற்றியபோது எனக்குக் கிடைத்த நோயாளி, பாரிசவாதத்தால் இடப்பக்கம் பலவீனமடைந்திருந்த, கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் அம்மா. பெயரையும் வயதையும் குறித்தவுடனேயே அவரது முழங்கையின் தசையிறுக்கத்தைச் சோதிக்கத் தொடங்கிவிட்டேன். தசையிறுக்கத்தை 0 முதல் 4 வரை தரப்படுத்தும் திருத்திய அஷ்வர்த் அளவுகோலில் தரம் 1 தானா, 1+ தானா என்ற ஐயம் தீராமல் கையை ஐந்தாறு தடவை மடக்கி நீட்டினேன்; ஒவ்வொரு தடவையும் இறுக்கம் சற்றுத் தளர்ந்துகொண்டே போனதால் ஐயம் கூடியதே தவிரக் குறையவில்லை. பரீட்சகர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அம்மாவுக்கு வீட்டில் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது?" என்னிடம் பதில் இல்லை. அவர் அம்மாவிடமே கேட்டார். "பாத்ரூம் படியில காலத் தூக்கி வைக்க ஏலாம இருக்கு ஐயா" என்றார் அம்மா. நான் அதுவரை அவரது காலைப் பார்க்கவே இல்லை.

மீண்டும் தோற்றுவதற்கு முன் நான் படிக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2001 இல் ஏற்றுக்கொண்ட, ஒருவரின் இயங்குநிலையையும் இயலாமையையும் விவரிக்கும் ஐ.சி.எஃப். வகைப்பாடு அவற்றை உடற்தொழிற்பாடு, செயற்பாடு, பங்கேற்பு என்று பிரிப்பதை நாம் எல்லோரும் மனனம் செய்திருப்போம். அதை விடைத்தாளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நோயாளி சொன்ன இயலாமையிலிருந்து பின்னோக்கிச் சென்று, எந்தச் சோதனை அதற்குக் காரணம் காட்டும் என்று தேடப் பயன்படுத்த வேண்டும். பேர்க் சமநிலை அளவுகோலில் 14 செயல்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 56. மொத்தப் புள்ளியைச் சொல்லிவிட்டு நிறுத்துபவர்களே அதிகம். அந்த அம்மாவுக்கோ, பிடிமானமின்றி நின்று படியில் மாறி மாறிக் கால் வைக்கும் 12 ஆவது செயலும், ஒற்றைக்காலில் நிற்கும் 14 ஆவது செயலும்தான் குளியலறைப் படியைப் பற்றிப் பேசும்.

அடுத்தது கைப்பழக்கம். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வெள்ளவத்தையில் நானும் அறைத்தோழியும் ஒருவர் முழங்கால் மடங்கும் கோணத்தை மற்றவர் இரு புயங்கள் கொண்ட கோணமானியால் அளந்து, காட்டாமல் எழுதி, பின் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் வாரம் ஒரே முழங்காலுக்கு 12 பாகை வரை வேறுபாடு வந்தது. கருவியில் தவறில்லை, ஒரு புயத்தைத் இடுப்பருகே தொடையெலும்பின் பெருமுனைப்பை நோக்கியும் மற்றதை வெளிக்கணுக்காலை நோக்கியும் வைக்காமல், கண்மதிப்பில் தசையின் ஓரத்தோடு வைத்திருந்தோம். எலும்பு முனைப்புகளைத் தொட்டுப் பேனையால் அடையாளமிட்டு அளந்தபின் வேறுபாடு 5 பாகைக்குள் வந்தது. தசையிறுக்கச் சோதனையில் மூட்டை முழு வீச்சுக்கும் ஏறத்தாழ ஒரு விநாடியில் அசைக்க வேண்டும். மூன்று தடவைக்கு மேல் செய்ய வேண்டாம்.

சிகிச்சைத் திட்டத்துக்கு ஆதாரம் தேடுவோருக்கு, சிட்னியிலிருந்து 1999 முதல் இலவசமாகக் கிடைக்கும், இயன்மருத்துவ ஆய்வுகளைத் திரட்டித் தரும் பெட்ரோ தரவுத்தளம் பெரிய உதவி. அதன் இடைமுகம் தமிழிலும் உண்டு. அங்கு சிகிச்சைகளைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளுக்கு 10 க்கு வழங்கப்படும் புள்ளி, அந்த ஆய்வு எவ்வளவு நம்பகமாக நடத்தப்பட்டது என்பதைச் சொல்லுமே தவிர, அந்தச் சிகிச்சை உங்கள் நோயாளிக்குப் பயன் தரும் அளவைச் சொல்லாது. இந்த இரண்டையும் குழப்பி வாய்மொழித் தேர்வில் பதிலளிப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

கொழும்பு வாட்டுகளில் ஒரு கட்டிலில் தமிழும் அடுத்த கட்டிலில் சிங்களமும் கேட்கும். ஆகவே சோதனைக் கட்டளைகளை இரு மொழியிலும் முன்கூட்டியே எழுதிப் பழகுங்கள். எழுந்து 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து அமரும் நேரச் சோதனையில், "வழக்கமாக நடக்கிற வேகத்திலேயே நடந்து, கோட்டில் திரும்பி வந்து உட்காருங்கள் அம்மா" என்பதற்குப் பதிலாக "கெதியா நடவுங்கோ" என்று சொல்லிவிட்டால், விநாடிகள் குறையும், விழும் ஆபத்துக் கூடும், அந்த அளவீட்டை வேறெதனோடும் ஒப்பிடவும் முடியாது. இரண்டாம் முறை நான் அந்த வாக்கியத்தை ஒரு சிறு அட்டையில் இரு மொழியிலும் எழுதி மேலங்கிப் பையில் வைத்திருந்தேன்.