ஒரு பார் என்றால் எவ்வளவு?

நான் பாழாக்கிய பிஸ்டன் ஒன்று தண்டையார்பேட்டைப் பட்டறையில் ரசீதுகள் பறக்காமல் இருக்க இன்றும் மேசைமேல் கிடக்கிறது. ரிங் உட்காரும் விளிம்பு ஒரு விரற்கடை அளவுக்கு உடைந்திருக்கும்.

பெட்ரோல் கார் ஒன்றுக்கு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ பொருத்தும் வேலை. டர்போ தரும் அழுத்தம், அதாவது பூஸ்ட், 0.8 பார் போதும் என்றார் உரிமையாளர் (ஒரு பார் என்பது 100 கிலோபாஸ்கல்). எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தத்தை அளக்க, காரில் ஏற்கெனவே இருந்த மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் ஒரு பார் வகை. ஒன்றைவிட 0.8 சிறியதுதானே என்று அதையே விட்டுவிட்டேன்.

பூஸ்ட் மீட்டர் காட்டும் 0.8 என்பது வெளிக்காற்றுக்கு மேல் ஏறிய அழுத்தம். சென்சாரோ வெற்றிடத்திலிருந்து கணக்கெடுக்கிறது. கடலோரமான நம் ஊரில், எஞ்சின் ஓடாதபோதே அது 101 கிலோபாஸ்கல் காட்டும். அதோடு 80 சேர்த்தால் 181. என் சென்சாருக்கு 105-க்கு மேல் உலகமே கிடையாது.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடாது என்பதால் ஞாயிறு விடியலில் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியரில், தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருட்டியது போலச் சத்தம். திரும்பி வந்ததும் பட்டறை அண்ணன் சொன்னது ஒன்றுதான்: “தம்பி, பிளக்கைக் கழற்று.” வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள். உருப்பெருக்கியில் பார்த்தால் மினுக்கென்றன. பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியம்! மடிக்கணினிப் பதிவில் அழுத்தக் கோடு 105 வரை ஏறி, பிறகு பலகை போலத் தட்டையாகக் கிடந்தது. உள்ளே வந்த காற்று அவ்வளவுதான் என்று நம்பிய இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கொடுத்திருக்கிறது. காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் எரிப்பு தாறுமாறாகி, பிஸ்டன் உடைந்துவிட்டது.

சூடுபட்ட பூனையாக, அடுத்து நான்கு பார் சென்சார் வாங்கினேன். அது வேறு வகைத் தொல்லை. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மேனிஃபோல்டில் இருப்பது 35 கிலோபாஸ்கல் அளவுதான். முழு அளவில் ஒன்றரை சதவீதம் பிழை வரலாம் என்கிறது தரவுத்தாள். நானூறுக்கு அது 6 கிலோபாஸ்கல். முப்பத்தைந்தில் ஆறு போனால் ஐடில் எப்படி நிற்கும்? சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கார் இருமியது. கடைசியில் இரண்டரை பார் வகைக்கு இறங்கினேன். 181-க்கு மேல் அழுத்தம் திடீரென எகிறினாலும் தாங்க இடமிருக்கிறது. ஐடிலும் அமைதியாக நின்றது. இசியூவின் அட்டவணையில் புதிய சென்சாரின் அளவை எழுத மறந்து அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் எஞ்சினை முடுக்கும் முன் சாவியை மட்டும் திருப்பி அளவைப் பார்ப்பேன். 101 வந்தால்தான் மேற்கொண்டு வேலை. ஒரு நவம்பர் காலை 100-தான் வந்தது. சென்சாரைச் சந்தேகித்து வேறொன்றை மாட்டினேன், அதுவும் 100. இணைப்புக் கம்பிகளையெல்லாம் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். தேநீரோடு வந்த அண்ணன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காசிமேட்டில் ஒரு படகுகூடக் கடலுக்குப் போகவில்லை. காற்றழுத்தத் தாழ்வு வந்திருக்கிறது, தம்பி. சென்சாரைத் திட்டாதே.”