ஸ்டோர் ஹவில்தார்

தரைப்படையில் இருந்த 20 ஆண்டுகளில் கடைசி மூன்றை நான் கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாராகக் கழித்தேன். பதவியின் பெயர் நீளமே தவிர, நூற்றுச் சொச்சம் பேருக்கு ராஷனும் கம்பளியும் பூட்ஸும் கொடுத்துப் பேரேட்டில் கையெழுத்து வாங்குவதுதான் வேலை. இளம் ஜவான்களுக்கு எங்கள்மேல் கொஞ்சம் இளக்காரம் உண்டு. உண்மையைச் சொன்னால் எனக்கே அது இருந்தது. போர்க்கள வீரத்துக்கு நாடு தரும் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற அப்துல் ஹமீதின் பெயருக்கு முன்னாலும் இதே பதவிதான் எழுதப்பட்டிருக்கிறது என்பது, பல ஆண்டுகள் அவர் படத்தைப் பார்த்திருந்தும், ஸ்டோர்ச் சாவி என் கைக்கு வந்த பிறகே உறைத்தது.

காஜிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில் தையல்காரரின் மகனாகப் பிறந்து, 1954இல் படையில் சேர்ந்தவர் அவர். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குள் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் புகுந்தபோது, 4ஆம் கிரெனேடியர்ஸ் பட்டாலியனில் ஜீப்பில் பொருத்திய 106 மி.மீ. ஆர்.சி.எல். (பின்னுதைப்பற்ற) பீரங்கிக் குழுவொன்று அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பீரங்கியின் குணம் தெரிந்தால்தான் அவர் செய்தது என்னவென்று புரியும். வெடிமருந்தின் வாயுவில் ஒரு பகுதி பின்வாய் வழியே பீறிட்டு வெளியேறுவதால் பீரங்கி பின்னுக்கு உதைப்பதில்லை, ஜீப்பே அதைத் தாங்கிவிடும். ஆனால் அந்த வாயு எழுப்பும் தீயும் புழுதியும், சுட்டவன் நிற்கும் இடத்தை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பயிற்சித் திடலில், புழுதி அடங்குவதற்குள் வண்டி நகராவிட்டால் பயிற்சி தரும் உஸ்தாத் எங்களைக் காய்ச்சி எடுப்பார். அங்கே திருப்பிச் சுடுவதற்கு யாரும் இல்லை.

செப்டம்பர் 10 அன்று சீமா கிராமத்தருகே, முன்னால் வந்த டாங்கியை அடித்து, இடம் மாறி, இன்னொன்றையும் எரித்தார் ஹமீது. அதற்குள் அவருடைய ஜீப்பை எதிரிகள் கண்டுகொண்டனர். இயந்திரத் துப்பாக்கிகள் அதையே குறிவைத்த பிறகும் சுட்டுக்கொண்டிருந்தவர், குண்டு தாக்கி வீழ்ந்தார். அப்போது வயது 32. 1966ஆம் ஆண்டுக் குடியரசு நாளில் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனிடமிருந்து பதக்கத்தை அவர் மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார்.

சாவித்திரி கானோல்கர் வடிவமைத்த அந்தப் பதக்கம், இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு பொறித்த, மூன்றரை சென்டிமீட்டர்கூட நிரம்பாத வெண்கல வட்டு. ஸ்டோர்க்காரன் புத்தி, கோப்பைகளை வெள்ளியில் எண்ணிப் பழகிய எனக்கு அது வெண்கலம் என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது.

பஞ்சாபில் பணியிலிருந்தபோது ஒருமுறை, அந்தப் போர் நடந்த அசல் உத்தாரில் ஹமீதின் கல்லறைக்குப் போனேன். உடன் வந்தவர்கள் டாங்கிகளின் எண்ணிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கோ, ஒரு போர்வை குறைந்தாலும் சார்ஜ் ஒப்படைக்க நாள் கணக்கில் இழுக்கும் இந்த வேலையில், ஜீப்பில் ஏறுவதற்கு முன் அவர் ஸ்டோர்ச் சாவியை யார் கையில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார் என்ற யோசனையே ஓடிக்கொண்டிருந்தது.