தையில் மிளகாய், மாசியில் தக்காளி

மாசி பிறந்து நான்கு நாள் ஆகிறது. எங்கள் வீட்டு கராஜுக்குள் கார் ஏறி மூன்று வாரம் ஆகிவிட்டது. கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மடக்கு மேசை, மேலே சங்கிலியில் தொங்கும் நான்கடி எல்.இ.டி. விளக்கு, அதன் அடியில் 38 தயிர் டப்பாக்களில் காய்கறி நாற்றுகள். என் கணவர் காலையில் தெருவோரம் போய், கார்க் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே வாசலில் நிற்கும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஆகஸ்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கும்போது அந்தப் பார்வை எங்கே போகிறது என்று நானும் கேட்பதில்லை.

பனிப்பொழிவே இல்லாத கலிஃபோர்னியாவின் சன்னிவேலில் விதையை எதற்கு வீட்டுக்குள் முளைக்க வைக்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இந்த ஊருக்கு வந்த முதல் வருடம், பிப்ரவரியில் தெருவெல்லாம் பிளம் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. மதிய வெயிலில் கம்பளிச் சட்டையைக் கழற்ற வேண்டியிருந்தது. வெயில் அடிக்கிறது, மண் இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நேரே பாத்தியில் தூவிவிட்டேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். ஒன்றும் வரவில்லை. அணில் தின்றுவிட்டது என்று அணிலைத் திட்டினேன். பிறகு விதை விற்ற கடையைத் திட்டினேன். மார்ச் கடைசியில் ஒருநாள், நான் மறந்தே போன பிறகு, தக்காளி மட்டும் நாலைந்து எட்டிப்பார்த்தது. மிளகாய் வரவேயில்லை.

பிழை அணிலுடையது அல்ல. டேவிஸில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஹாரிங்டன் என்பவர் தொகுத்த பழைய அட்டவணை ஒன்று உண்டு. எந்த விதை எந்த மண் சூட்டில் எத்தனை நாளில் முளைக்கும் என்ற கணக்கு அது. மண் 25 டிகிரி செல்சியஸில் இருந்தால் தக்காளி 6 நாளில் முளைக்கும். 15 டிகிரியில் 14 நாள். 10 டிகிரியில் 43 நாள்! மிளகாய்க்கு 25 டிகிரியில் 8 நாள், 15 டிகிரியில் 25 நாள். 10 டிகிரியில் அது முளைப்பதே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. எங்கள் ஊர் பிப்ரவரி வெயில் முதுகில்தான் சுடும். நாலு அங்குலம் தோண்டி விரலை விட்டால் ஃப்ரிட்ஜுக்குள் கை விட்டதுபோல இருக்கும். கடும் பனி பெய்கிற ஊர்க்காரர்கள் ஏமாறுவதில்லை, அவர்களுக்கு ஜன்னலைத் திறந்தாலே தெரியும். என்னைப்போல மிதமான ஊரில் இருப்பவர்கள்தான் பூவைப் பார்த்து ஏமாறுகிறோம்.

ஆகவே அடுத்த வருடம் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். சமையலறை ஜன்னலோரம் வரிசையாக டப்பாக்கள் வைத்தேன். ஒரு வாரத்தில் தக்காளி முளைத்துவிட்டது. பெருமை தாங்காமல் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னடி, முளைப்பாரி போட்டிருக்கிறாய்? எந்த அம்மனுக்கு?" என்றாள்.

முளைப்பாரி பார்த்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவுக்கு, சாணி எருவும் வைக்கோலும் போட்ட ஓடுகளில் பயறு வகைகளை விதைத்து இருட்டறையில் வைப்பார்கள். வெளிச்சம் படக் கூடாது. வெளிச்சத்தைத் தேடித் தேடியே பயிர் முழ உயரத்துக்கு வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளரும். பெண்கள் கும்மியடித்து ஊர்வலமாகத் தூக்கிப் போகும்போது தலைமேல் இளமஞ்சள் காடு ஆடுவதுபோல இருக்கும். அம்மனுக்கு அது அழகு. தக்காளிக்கு அது நோஞ்சான் பிள்ளை. ஜன்னலோரம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறதே என்றால், நம் கண்ணுக்கு அது போதும். பிப்ரவரி மாதச் சாய்வெயில் செடிக்குப் போதாது. என் நாற்றுகள் எல்லாம் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல்போல நீண்டு, நடும்போது இடுப்பு ஒடிந்து விழுந்தன.

அந்த அவமானத்தில் வாங்கியதுதான் கராஜ் விளக்கு. செடிக்கென்று விற்கும் ஊதா விளக்கெல்லாம் இல்லை, பட்டறைகளில் மாட்டும் சாதாரண வெள்ளை விளக்கு. நாற்றின் தலைக்கு மேல் மூன்று அங்குலத்தில் தொங்கும். செடி வளர வளரச் சங்கிலியில் ஒரு கண்ணி ஏற்றுவேன். காலை ஆறு மணி முதல் இரவு ஒன்பது வரை டைமர் பார்த்துக்கொள்ளும். விளக்கு உயரத்தில் இருந்தால் மறுபடியும் முளைப்பாரிதான்.

விளக்கு, விதை முளைத்த பிறகு வேண்டியது. முளைப்பதற்குச் சூடு வேண்டுமே, அதற்கு? இந்த நாட்டில் குளிர்காலத்தில் இட்லி மாவு புளிக்க வைத்த எவருக்கும் விடை தெரியும். ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் உள்ளே எங்கள் ஊர் ஐப்பசி மாதம்போல இதமாக இருக்கும். மாவு பொங்குகிற சூடுதான் மிளகாய் முளைக்கிற சூடும். இரண்டு வருடம் மாவும் மிளகாயும் ஓவனை முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்டன. பிறகு ஒரு சனிக்கிழமை மகள் பீட்சா செய்வதற்காக ஓவனை 220 டிகிரிக்கு வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். பிளாஸ்டிக் தட்டு உருகி, கம்பித் தட்டின் வழியே சொட்டி, வீடெல்லாம் நாற்றம். அவளைத் திட்டவும் முடியவில்லை. ஓவனுக்குள் விதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யார் பீட்சா போடுவார்கள்? இப்போது ஓவன் கதவில் ஒரு காகிதம் ஒட்டுகிறேன். ஒரு வெப்பப் பாயும் வாங்கிவிட்டேன். அதில் ஒரு தட்டுத்தான் வைக்க முடியும். இரண்டாவது தட்டு இன்றும் ஓவனுக்குத்தான் போகிறது, காகிதத்தை நம்பி.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாக: தோட்டத்து மண்ணை எடுத்து டப்பாவில் போடாதீர்கள், அது களியாக இறுகிவிடும். விதை முளைக்க வைப்பதற்கென்று விற்கும் கலவை போதும். விதை போடுவதற்கு முன்பே அதை வாளியில் கொட்டி நனைத்துப் பிசைய வேண்டும். பதம்? புட்டு மாவுப் பதம். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். இந்த ஊர்த் தோட்டப் புத்தகங்கள் இதைப் பிழிந்த பஞ்சுபோல என்று எழுதுகின்றன. எனக்குப் புட்டுதான் புரிகிறது.

நாற்றழுகலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னை அழவைத்தது அதுதான். நான்காவது வருடம். 24 கத்தரி நாற்றுகள், கீரைப் பெட்டியின் மூடி போட்டு, கண்ணாடி வீட்டுக்குள் இருப்பதுபோல நீர்த்துளி படிந்து அழகாக இருந்தன. இரவு நிமிர்ந்து நின்றவற்றில் ஏழெட்டு, காலையில் படுத்துக் கிடந்தன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். முளைத்ததும் முதலில் விரியும் வித்திலை இரண்டும் பச்சையாக, ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நீர் கோத்துக் கறுத்து, தையல் நூல் அளவுக்கு இளைத்திருந்தது. விரலால் தொட்டதும் அறுந்தது. மாலைக்குள் பாதி போயிற்று. மறுநாள் தட்டே காலி.

அம்மாவிடம் சொன்னபோது, அவள் அதிசயப்படவில்லை. "மேட்டுப்பாத்தி எதற்குப் போடுகிறோம் என்று நினைத்தாய்? தண்ணீர் வடியத்தான். நீ டப்பாவில் குளம் வெட்டி வைத்திருக்கிறாய்" என்றாள். உண்மைதான். டப்பாவின் அடியில் ஒரே ஒரு ஓட்டை போட்டிருந்தேன். போதாததற்குக் காலையும் மாலையும் பாசத்தோடு தண்ணீர் தெளித்தேன். மூடியைக் கழற்றவே இல்லை. மண்ணும் போன வருடத்து மிச்சம். பூசண நோய்க்கு இதைவிட நல்ல விருந்து வைக்க முடியாது. தமிழ்நாட்டில் கத்தரி விதையை நாற்றங்காலில் பாவும் முன் கிலோவுக்கு 4 கிராம் டிரைகோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து நேர்த்தி செய்யச் சொல்வார்கள். என்னிடம் இருப்பது கிலோ இல்லை, ஒரு சிட்டிகை. அதனால் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கி டப்பாவுக்கு ஐந்து ஓட்டை. முதல் முளை தெரிந்த அன்றே மூடிக்கு விடுதலை. தண்ணீர் மேலிருந்து ஊற்றுவதில்லை. தட்டில் ஊற்றினால் டப்பா அடியிலிருந்து குடித்துக்கொள்ளும், அரை மணி கழித்து மீதியைக் கொட்டிவிடுவேன். ஒரு சின்ன மின்விசிறி மெல்லச் சுழலும். போகும்போதும் வரும்போதும் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் ஒரு தடவு தடவிவிட்டுப் போவேன். காற்றில் ஆடுவதுபோல அசைந்துகொண்டிருந்தால் தண்டு தடிக்கும். என் மகளுக்கு இது சிரிப்பாக இருக்கிறது. அவள் தலையைத் தடவ இப்போதெல்லாம் அனுமதி இல்லை என்பது வேறு விஷயம்.

அம்மாவுக்குப் புரியாதது ஒன்றுதான். அங்கே கத்தரி நாற்று முப்பது, முப்பத்தைந்து நாளில் நடவுக்கு வந்துவிடும். தக்காளிக்கு இருபத்தைந்து நாள். வைக்கோல் மூடாக்கு, பூவாளித் தண்ணீர், அவ்வளவுதான். நான் இங்கே இரண்டு, மூன்று மாதம் தொட்டிலில் போட்டு வளர்க்கிறேன். ஏப்ரலில் கூட எங்கள் இரவு 9, 10 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் கத்தரியையும் மிளகாயையும் வெளியே நட்டால் சாகாது, வளரவும் செய்யாது. கோபித்துக்கொண்ட மாப்பிள்ளைபோல அப்படியே நிற்கும். ஆகவே நடும்போதே அவை ஓரளவு பெரிய பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் தேதி மறந்துவிடும், இது மறக்காது. பொங்கல் முடிந்து பானை கழுவி வைத்ததும் மிளகாயும் கத்தரியும் விதைப்பேன். மாசி பிறந்ததும் தக்காளி. பங்குனி கடைசியில் புடலை, பாகல். சித்திரை முதல் நாளை ஒட்டித் தக்காளி நடவு, சித்திரை பாதியில் கத்தரியும் மிளகாயும். வைகாசியில் புடலை பந்தலுக்குப் போகும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னது எங்கள் ஊர் மழைக்கு. இங்கே ஆடியில் ஒரு சொட்டு மழை கிடையாது. ஆடியில் நான் அறுவடைக்குக் கூடை தேடுவேன். கொத்தமல்லி, வெந்தயம், முள்ளங்கி, பட்டாணி இவற்றுக்கெல்லாம் வீட்டுக்குள் இடம் கொடுக்காதீர்கள். அவை குளிரை விரும்புபவை, இப்போதே நேரே மண்ணில் போடலாம். இவ்வளவும் யாரால் முடியும் என்பவர்களுக்கு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாஸ்டர் கார்டனர் என்ற தோட்டக்கலைத் தொண்டர்கள் சான் ஹோசேயில் ஏப்ரலில் நாற்றுச் சந்தை நடத்துகிறார்கள். தக்காளியில் அத்தனை ரகம் வைத்திருப்பார்கள். என் தட்டு காலியான அந்த வருடம் நானும் அங்கேதான் போய் நின்றேன்.

வெளியே கொண்டுபோகும் கட்டத்தில் அவசரப்பட்டு ஒருமுறை சூடுபட்டேன். மார்ச் இறுதியில் ஒரு ஞாயிறு, வானம் நீலமாக இருந்தது. எல்லாத் தட்டுகளையும் காலையில் வெளியே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். மாலை திரும்பியபோது இலைகள் வெள்ளைக் காகிதம்போல வெளுத்திருந்தன. விளக்கு வெளிச்சத்தில் வளர்ந்த பிள்ளைக்குச் சூரியன் என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது முதல் நாள் மர நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, பிறகு காலை வெயில் என்று பத்து நாள் நடைபழக்குகிறேன். தக்காளியை மட்டும் நடும்போது வித்திலை வரை புதைப்பேன். புதைந்த தண்டெல்லாம் வேர் விடும். முளைப்பாரியாக வளர்ந்ததைக்கூட அப்படிக் கொஞ்சம் காப்பாற்றிவிடலாம்.

விதை? அம்மா கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி, பழைய வேட்டித் துணியில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு முறை நான் ஊருக்குப் போகும்போதும் அதை என் பெட்டியில் வைப்பாள், நான் எடுத்து வெளியே வைப்பேன். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? "இத்தனூண்டு விதைக்கா சர்க்கார் பயப்படுகிறது?" என்பாள். ஆகவே விதைக்கு இங்கேயே அலைகிறேன். இப்போது என்னிடம் இருக்கும் புடலை, லிவர்மோர் கோயிலில் பிரசாத வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் கொடுத்தது. புடலங்காய் இங்கே காய்க்குமா என்று நான் யாரிடமோ கேட்டதைக் காதில் வாங்கியிருக்கிறார். அடுத்த வாரம் விபூதிப் பொட்டலம்போல மடித்த காகிதத்தில் ஐந்து விதை. "நகவெட்டியால் ஓரத்தைக் கிள்ளி, ராத்திரி ஊறவைத்துப் போடம்மா, ஓடு கெட்டி" என்றார். ஐந்தில் மூன்று முளைத்தது. அதன் பேத்திகள்தான் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன, அதே காகிதத்தில்.

இன்று காலை நிலவரம்: தையில் போட்ட மிளகாயில், வித்திலைக்குப் பிறகு வரும் நிஜ இலை நான்கு. கத்தரி கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது. அதில் ஒன்று விதை ஓட்டைத் தொப்பிபோல மாட்டிக்கொண்டு மூன்று நாளாகக் கழற்ற மறுக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஊறவிட்டிருக்கிறேன், பிடித்து இழுத்தால் தலையோடு வந்துவிடும். தக்காளி முதல் தட்டு வெப்பப் பாயில் இருக்கிறது. இரண்டாவது தட்டை இன்றே போட்டிருக்க வேண்டும். ஆனால் நாளை வீட்டுக்கு ஆள் வருகிறார்கள், மாவு அரைத்தாகிவிட்டது. இன்றிரவு ஓவன் மாவுக்கு.