14 நாள் கணக்கு

செப்டம்பர் 6, சனி

திருகோணமலை, உப்புவெளி. ஐந்து வயதுப் பிள்ளை, வலது கன்னம். கடித்தது பக்கத்து வளவு நாய், செம்மண் நிறம், ஊசி போட்ட அட்டை இல்லை. காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பித் துணி கட்டி இரண்டு மணித்தியாலம். "இரத்தம் நிக்கட்டும் எண்டுதான் ஐயா."

அப்பினதை எடுக்கவே பத்து நிமிடம் போயிற்று. கழுவல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்: குழாயைத் திறந்து ஓடவிட்டு, சவர்க்காரம் நுரைக்க நுரைக்க, காயத்தின் உள்ளேயும், 15 நிமிடம். வாளியில் முக்கி எடுப்பதைக் கழுவல் என்று சொல்ல ஏலாது. விசர்நாய் நோய் (ரேபிஸ்) வைரசுக்கு மேலே ஒரு கொழுப்புப் போர்வை இருக்கிறது. சவர்க்காரம் கரைப்பது அதைத்தான். மீன் பொரித்த சட்டியின் பிசுக்கைச் சொன்னால் எந்த அம்மாவுக்கும் உடனே விளங்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் கழுவுகிற எவரும் மூன்று நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள், அது வேறு கதை.

வைரஸ் இரத்தத்தில் ஓடுவதில்லை, நரம்பைப் பிடித்து ஊர்ந்து போகிறது. காலில் கடித்தால் மூளைக்குத் தூரம். கன்னம் என்றால் அடுத்த ஒழுங்கை.

18 கிலோ. கிலோவுக்கு 40 அலகு, ஆக 720. விசருக்கு எதிரான குதிரைச் சீரம், ஆகையால் முதலில் தோலில் ஒவ்வாமைச் சோதனை, அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில், வார்ட்டில் வைத்துத்தான். காயத்துக்குள்ளும் சுற்றிவரவும் கொள்ளுமட்டும் ஏற்ற வேண்டும். காயம் பலவாக இருந்து மருந்து எல்லாவற்றுக்கும் போதாவிட்டால் சேலைன் கலந்து பெருக்கலாம். அளவைக் கூட்டக்கூடாது, கூட்டினால் தடுப்பூசியின் வேலையையே அது அமுக்கிவிடும்.

தையல் போடவில்லை. தழும்பு விழுமே என்று தாய் அழுகிறார். தையல் ஊசி மேலே கிடப்பதை உள்ளே, நரம்புக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கொடுக்கும். பொருத்தியே ஆகவேண்டும் என்றால் சீரம் ஏற்றின பிறகு, அதுவும் தளர்வாக ஒன்றிரண்டு.

நாய் வேம்பின் கீழே கட்டியிருக்கிறது, விசர் காட்டுகிறதா என்று 14 நாள் பார்க்க. நாள் 0.

செப்டம்பர் 7

நாள் 1. சோறும் மீன் தலையும் தின்றது.

செப்டம்பர் 8, திங்கள்

கோட்டை வாசலுக்கு உள்ளே, ஆலமரத்துப் பக்கம், ஒரு பெட்டை மான். பின் வலக்காலில் கடிகாயம், புதுசு. மூன்று கட்டாக்காலி நாய்கள் துரத்தியதாகப் பூக்கடையில் சொன்னார்கள். கோணேசரைக் கும்பிட்டு இறங்கி வருகிறவர்கள் அதே மானுக்கு வாழைப்பழம் உரித்து வாயில் வைக்கிறார்கள்.

துரத்திப் பிடிக்க நினைக்கவே கூடாது. மானை ஓடவிட்டுப் பிடித்தால் தசை அழிந்து, பிடித்த பிறகும் செத்துப்போகும். வனசீவராசிகள் ஆட்கள்தான் தொடவேண்டும்.

நாய்க்கு 14 நாள் பார்க்கலாம். மானுக்கு அந்தக் கணக்கு இல்லை.

செப்டம்பர் 9

நாள் 3, பிள்ளைக்கும் நாய்க்கும். பிள்ளைக்கு இரண்டு புயத்திலும் தடுப்பூசி 0.1 மில்லிலீற்றர், தோலுக்குள். சரியாகப் போனால் தோடம்பழத் தோல் மாதிரி ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். எழும்பாவிட்டால் மருந்து தோலுக்குக் கீழே இறங்கிவிட்டது, பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். புட்டத்தில் போடுவதேயில்லை, கொழுப்பில் தங்கி வீணாகும்.

பக்கத்துக் கட்டில் அம்மம்மா கேட்டது: "தொப்புளைச் சுத்திப் போடேல்லையோ தம்பி?" அந்த ஊசி போய் எத்தனையோ காலம். பயம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதற்குப் பயந்தே கடியை மறைக்கிற ஆட்கள் உண்டு.

செப்டம்பர் 10

நாள் 4.

மான் நொண்டுகிறது.

செப்டம்பர் 11, வியாழன்

கச்சான் காற்று, சுடுசாம்பலை முகத்தில் கொட்டினது போல. காலையில் மூன்றரை மணித்தியாலம் கரண்ட் இல்லை. நாய் ஊசி மருந்து 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் விட்டால் அவ்வளவு நேரம் தாங்கும். ஆனால் ஒருவர் மாறி ஒருவர் "குளிர் இருக்கா" என்று திறந்து பார்க்கிறார்கள். கதவுத் தட்டில் மருந்து வைக்கக்கூடாது என்பது இதற்காகத்தான்.

இதைவிட மோசமான பிழை அக்கறையால் வருவது. குளிர்ப்பெட்டியில் ஐஸ் பொதிகளை ஃப்ரீசரில் இருந்து எடுத்த கையோடு மருந்துக் குப்பிக்கு ஒட்ட வைத்துவிடுவார்கள். மருந்து உறையும், உறைந்தால் செத்தது. இளகின பிறகு கண்ணால் பார்த்துப் பிடிப்பது கடினம். பொதியை வெளியே வைத்து, மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு நடுவில் ஒரு துணி அல்லது காட்போட்.

செப்டம்பர் 12

நாள் 6. வாலாட்டுகிறது. தண்ணீர் குடித்தது. தண்ணீருக்குப் பயம் வருவது மனிதருக்கு. விசர் பிடித்த நாய் தண்ணீருக்கு மூக்கை நீட்டும், விழுங்கத்தான் ஏலாது. "தண்ணி குடிக்குது, அப்ப விசர் இல்லை" என்ற தீர்ப்பு இந்த ஊரில் எத்தனை வீட்டில் சொல்லப்பட்டிருக்கும்.

செப்டம்பர் 13, சனி

பிள்ளை நாள் 7, மூன்றாவது தவணை முடிந்தது.

கிண்ணியாவில் எருமைக் கன்று. வாயில் நூல்நூலாய் வீணி, தாடை தொங்குகிறது, குரல் அடைத்து ஒரு மாதிரி முனகல். வாப்பா முழங்கை மட்டும் கையை விட்டுத் துழாவியிருக்கிறார், தொண்டையில் பனங்கொட்டை சிக்கிவிட்டதென்று. ஒன்றும் அகப்படவில்லை. மாட்டில் பிழைக்கிற இடமே இதுதான்: விழுங்க முடியாத மாடு சிக்கின மாடு மாதிரியே நிற்கும். கையில் உரஞ்சல், நகக்கண்ணில் வெடிப்பு. மாடு கடிக்கவில்லையே என்கிறார். கடிக்கத் தேவையில்லை, வீணி புண்ணில் பட்டால் போதும். கழுவி, அவரையும் மகனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று.

பிறகு தயிர்ச்சட்டிக் கேள்வி: வீட்டுத் தயிரைச் சாப்பிடலாமா என்று. காய்ச்சின பாலில் இந்த வைரஸ் நிற்காது, தயிருக்குப் பால் எப்படியும் பொங்கக் காய்ச்சப்படுகிறது. ஆனாலும் அந்தக் கன்றின் தாயிலிருந்து பால் கறக்க வேண்டாம். பாலுக்காக அல்ல. கறக்கிறவர் முகம் மாட்டின் வாய்க்குக் கிட்ட இருக்கும், கன்று ஊட்டின மடியில் வீணி காய்ந்திருக்கும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாலையூற்றில் நாய்களுக்கு ஊசி. ஒன்றுக்கு 1 மில்லிலீற்றர், கழுத்துக்குப் பின் தோலைக் கூடாரம் போலத் தூக்கி அதற்கடியில். அவசரத்தில் ஊசி ஒரு பக்கத்தால் புகுந்து மறு பக்கத்தால் வெளியே வந்து மருந்து முழுக்க மயிரில் போகும். போட்ட இடத்தை விரலால் தொட்டு ஈரமா என்று பார்க்காதவர் எண்ணிக்கையில் மட்டும் கெட்டிக்காரர். ஈரம் என்றால் திரும்பப் போடு.

பூனைக்கு உரப்பை. தலையை மூடினால் பாதிச் சண்டை குறையும். மீன் சந்தை நாய்களுக்கு வலை, அதற்கு முன் சூரைத் தலை. ஊசி போட்டதற்கு முதுகில் ஒரு பெயின்ற் கோடு. இல்லாவிட்டால் பின்னேரம் அதே நாயையே மூன்று பேர் துரத்துவார்கள்.

இரண்டு மாதக் குட்டியைக் கொண்டுவந்த பிள்ளையை ஒருவர் திருப்பி அனுப்பினார், "சின்னன்தானே". கூப்பிட்டுப் போட்டோம். சின்னனும் கடிக்கும். பிள்ளைகள் மடியில் வைத்து முகத்தை நக்கவிடுவதும் சின்னனைத்தான்.

நூறு நாயில் 70க்கு ஊசி என்பது உலக அளவுகோல். மிச்சம் 30 ஊரெல்லாம் சிதறி இருந்தால் சமாளிக்கலாம். ஒரே ஒழுங்கையில் 30 இருந்தால் அந்த ஒழுங்கைக்கு 70 என்ன, பூச்சியம்தான்.

செப்டம்பர் 15

"எல்லாத்தையும் பிடிச்சுக் கொல்லுங்கோ." இன்று மட்டும் நாலு பேர். 2006 வரை அதைத்தானே செய்தோம். ஊசி போட்ட நாயைக் கொன்றால் அந்த இடத்துக்கு அடுத்த குறிச்சியில் இருந்து ஊசி போடாதது வந்து படுக்கும். நாய் வெற்றிடம் விடாது, குப்பை இருக்கிற வரைக்கும்.

செப்டம்பர் 16

நாள் 10. வெளிநாட்டுப் புத்தகங்களில் இன்றோடு சரி. இங்கே 14.

ஏன் நாள் எண்ணுகிறோம் என்பதை ஒருவரும் கேட்பதில்லை, எண்ணச் சொன்னால் எண்ணுகிறார்கள். வைரஸ் மூளைக்குப் போய்த்தான் வீணிக்கு இறங்குகிறது. குணங்குறி தெரிய ஒரு சில நாள் முன்பே வீணியில் வந்துவிடும், அதுதான் வில்லங்கம். ஆனால் வீணியில் வந்த நாய் அதற்குப் பிறகு அதிகம் இருக்காது, பத்து நாளுக்குள் முடிந்துவிடும். ஆகவே 14ஆம் நாள் சுகமாய் நிற்கிற நாயின் வீணியில், கடித்த அன்று வைரஸ் இல்லை. இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும் நம்பக்கூடியது. கீரி, மரநாய், நரி, குரங்கு, மான் எதற்கும் செல்லாது.

அது நாயைப் பற்றிய கணக்கு. மனிதருக்குக் கடிபட்ட அன்றே ஊசி, நாள் 0 என்றால் நாள் 0. "நாய் சாகுதா பாப்பம், பிறகு போவம்" என்று கிணற்றடியில் இருந்து எண்ணுகிறவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்ப. ஒழுங்காக இரண்டு தடவை ஊசி போட்டு, கடைசி ஊசி ஒரு வருடத்துக்குள் இருந்தால் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். அதையும் டாக்டர் சொல்லவேண்டும், நாய்க்காரர் இல்லை.

செப்டம்பர் 17

நாள் 11. சாப்பிடவில்லை.

செப்டம்பர் 17, இரவு

இரண்டு தரம் போய்ப் பார்த்தாயிற்று. தாடை தொங்கவில்லை. குரைப்பு பழைய குரைப்பு, உடையவில்லை. சங்கிலியைக் கடிக்கவில்லை. மண், தடி தின்னவில்லை. மூலையில் இருட்டைத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெடியன் கோழி எலும்பு போட்டிருக்கிறான் என்று பிறகுதான் வெளியே வந்தது. இருக்கலாம். வாயைத் திறந்து எலும்பு தேடக் கூடாது, கிண்ணியாவை நினை.

செப்டம்பர் 18

நாள் 12. சாப்பிட்டது. இரண்டு தரம்.

செப்டம்பர் 19, வெள்ளி

பின்னேரம் மான் செத்தது. கடைசி இரண்டு நாள் பின்னங்கால் இழுபட்டு, வாயில் நுரை, ஆட்களுக்கு விலகவில்லை.

கோட்டையடியில் எல்லோரும் "பொலித்தீன்தான்" என்கிறார்கள். இருக்கலாம், இந்த மான்களின் வயிறு குப்பைத்தொட்டி. ஆனால் வயிற்றைத் திறந்து பொலித்தீனைக் கண்டாலும் விசர் இல்லையென்று ஆகாது, இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும். திறக்க வேண்டாம் என்றது சரி.

விசர் என்றால் 8ஆம் தேதிக் கடி காரணமாக இருக்க வழி மிகக் குறைவு. 11 நாள் மிகக் கட்டை. அதற்கு முன்னமே ஒரு கடி இருந்திருக்கலாம், ஒருவரும் காணாதது. அப்படியானால் மற்ற மான்கள்?

நல்லவேளை யாரும் தலையில் அடிக்கவில்லை. நசிந்த மூளையில் மூளைத் தண்டையும் சிறுமூளையையும் பிரித்தெடுக்க ஏலாது, பரிசோதனையும் அதோடு போகும். வனசீவராசிகள் ஆட்கள் நிற்கத் தலை மட்டும் எடுக்கப்பட்டது: தடித்த கையுறை இரண்டு சோடி, கண்ணாடி, முகமூடி, கத்தி. கோடரி இல்லை, தெறிக்கும். பொலித்தீன் பை மூன்று, ஒன்றுக்குள் ஒன்று, ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு. ஃபோமலின் ஊற்ற வந்தவரை நிறுத்த வேண்டியதாயிற்று. ஐஸ் மட்டும். உடலுக்கு ஆழக் குழி, சுண்ணாம்பு. வெட்டின இடத்துக்குக் குளோரின்.

பெட்டி மீன்காரர் தந்த ரெஜிபோம். திருப்பிக் கேட்காதே அண்ணை என்று சொல்லித்தான் வாங்கியது.

வெள்ளி இரவு கொழும்பு ஆய்வுகூடத்துக்குப் பஸ்ஸில் ஏற்றினால் சனிக்கிழமை யார் கையில் கிடைக்கும்? ஞாயிறு இரவு. அதுவரை ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் இல்லை.

செப்டம்பர் 20, சனி

நாள் 14. செம்மண் நிறம், வால், வேம்பு. அவிழ்த்துவிட முன்னம் ஊசி. பிள்ளைக்கு 30ஆம் நாள் தவணை தேவையில்லை என்றார் டாக்டர். தாய்க்கு நம்பிக்கை இல்லை, "போட்டா என்ன குறைஞ்சு போயிடுமா?" குறையாது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பழம் கொடுத்தவர்களைத் தேடுதல். கேட்க வேண்டியது "மான் கடித்ததா" என்றல்ல. அப்படிக் கேட்டால் இல்லை என்பார்கள், முடிந்தது. கையை நீட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். தேங்காய் விற்கிற அக்காவின் பெருவிரலில் கத்தி கீறின பழைய வெட்டு, நுனியில் இன்னும் ஈரம். "இது எப்பவும் கிடக்கிறது தம்பி." எப்பவும் கிடக்கிறதென்றால் பழம் கொடுத்த அன்றும் கிடந்தது. தோல் முழுசாக இருக்கிறவர்களுக்குப் பயமில்லை, ஊசியும் வேண்டாம், கழுவினால் போதும். இதுவரை ஆறு பேர், வெட்டுக் கை இரண்டு.

பெட்டி இரவு பஸ்ஸில் போய்விட்டது. படிவம் பெட்டிக்கு வெளியே, தனி உறையில். உள்ளே வைத்தால் ஐஸ் தண்ணீரில் எழுத்து கலையும்.

செப்டம்பர் 22, திங்கள்

காலையில் பெட்டி பொரளை ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஐஸ் பாதி மிச்சம்.

ஏழாவது ஆள் சாம்பல்தீவில். மீன் வெட்டுகிறவராம். இப்போதே.