26-ஆம் எண் பைக்

12 ஜூலை 2018

ஜெர்மனியின் சாக்சன்ரிங் பந்தயத் தடத்தில் இன்று டானி பெட்ரோசா, ஹோண்டா அணியின் 26-ஆம் எண் மோட்டோஜிபி (உயர்மட்ட பைக் பந்தயம்) வீரர், சொல்லிவிட்டார்: இந்த சீசனோடு ஓய்வு. ஹோண்டாவில் அவர் இடத்துக்கு இன்னொரு வீரர் லோரென்சோ வருவது ஜூன் மாதமே தெரிந்துவிட்டது. யமஹா பக்கம் போவார் என்று பேச்சு அடிபட்டது. அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

"மோட்டோஜிபி பட்டம் வெல்லாத மிகச் சிறந்த வீரர்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த உடம்பைப் பற்றி யார் எழுதுவது? உயரம் சுமார் 160 செ.மீ., எடை 51 கிலோ. பைக்கோ குறைந்தது 157 கிலோ. எடை குறைந்தவருக்கு நேர்ப்பாதையில் லாபம் என்பார்கள், சரிதான். ஆனால் டயர் சூடேற அதன்மேல் பாரம் விழ வேண்டும். குளிரிலும் ஈரத்திலும் டானியின் டயர் சூடாகவே மறுக்கும். அன்றைக்கு அவர் பத்தாவது இடத்துக்குப் போராடுவார். மறுவாரம் வெயில் அடித்தால் அவரைப் பிடிக்க ஆள் இருக்காது.

அவர் வளைவிலிருந்து வெளியேறும் விதத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். உடம்பு இன்னும் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருக்கும், பைக் மட்டும் நிமிர்ந்துவிடும். டயரின் ஓரத்திலிருந்து அகலமான பகுதிக்குப் பிடிமானம் மாறிவிடும். மற்றவர்களுக்கு முன்பே ஆக்சிலரேட்டரைத் திருக அவரால் முடிந்தது இதனால்தான். பெரிய உடம்புக்காரர்களும் அவரைப் பார்த்துத்தான் இதைப் படித்தார்கள்.

18 நவம்பர் 2018

கடைசிப் பந்தயம், வலென்சியா. கொட்டும் மழையில் பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். டானிக்கு ஐந்தாம் இடம்.

2006 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஒரு வெற்றியாவது இல்லாமல் இருந்ததில்லை. இந்த ஆண்டு முதல் மூன்று இடத்துக்கான மேடையே இல்லை. அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

இன்று முழுக்கப் பழைய பந்தயங்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முன்னாள் வீரர் அல்பெர்ட்டோ புய்க் இளம் வீரர்களைத் தேடி நடத்திய கோப்பைப் போட்டியில் 1999-இல் கண்டெடுத்த, ஸ்பெயினின் சபாடெல் ஊர்ப் பையன் டானி. 2003-இல் 18 வயதில், மோட்டோஜிபிக்குக் கீழ் வகுப்பான 125சிசி-யில் உலகப் பட்டம். அடுத்த வாரமே ஆஸ்திரேலியாவின் பிலிப் ஐலண்டில் இரண்டு கணுக்காலும் முறிந்தன. 2004 ஏப்ரலில், 250சிசி வகுப்பின் முதல் பந்தயத்திலேயே ஜெயித்தார். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பட்டம் அவருக்கே.

பிறகு 2006, மோட்டோஜிபியில், போர்ச்சுகலின் எஷ்டோரில் தடம். பட்டத்துக்குப் போராடிக்கொண்டிருந்த சொந்த அணி வீரர் நிக்கி ஹேடனை உள்பக்கமாக மோதி வீழ்த்திவிட்டார். இருவரும் மண்ணில். தவறு டானியுடையதுதான், அதில் மறுபேச்சு இல்லை. இரண்டு வாரம் கழித்து வலென்சியாவில் பட்டப் போட்டியாளர் ரோஸி விழ, ஹேடன் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன் ஆனார். அன்று டானி ஹேடனுக்கு வழிவிட்டு அவர் பின்னாலேயே நான்காவதாக முடித்தார். முதல் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டாவதையும் வைத்திருக்க வேண்டும்.

8 ஆகஸ்ட் 2021

டானி மறுபடி பந்தயத் தொடக்க வரிசையில்! ஆஸ்திரியாவில், கேடிஎம் பைக்கில், வைல்டு கார்டாக, அதாவது அந்த ஒரு பந்தயத்துக்கு மட்டும் சிறப்பு அனுமதியில். மூன்றாவது சுற்றில் விழுந்தார். தரையில் கிடந்த அவருடைய பைக்கில் இன்னொரு வீரர் சவதோரி மோத, தீப்பிடித்து, பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி. நெஞ்சு அடைத்துவிட்டது. மறுதொடக்கத்தில் மாற்று பைக்கில் வந்து பத்தாவதாக முடித்தார்.

30 ஏப்ரல் 2023

ஜெரெஸ். வெள்ளிக்கிழமை முதல் பயிற்சியில் அதிவேக நேரம் யாருடையது? கேடிஎம்முக்காகப் பைக்கைச் சோதித்து ஓட்டும் 37 வயது டெஸ்ட் ரைடர் டானியுடையது! சனிக்கிழமைக் குறும்பந்தயமான ஸ்பிரின்ட்டில் ஆறாவது, இன்று ஏழாவது. இந்தத் தடத்தின் ஆறாவது வளைவுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

10 செப்டம்பர் 2023

இத்தாலியின் மிசானோ. நேற்று ஸ்பிரின்ட்டில் நான்காவது, இன்றும் நான்காவது. கடைசிச் சுற்றுகளில் மூன்றாமிடத்தில் இருந்த பன்யாயாவின் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தார். கேடிஎம் புதிதாகச் செய்த கார்பன் ஃபைபர் சட்டகத்தை நம்பிப் பந்தயத்தில் இறக்கியதும் இவர் கையில்தான்.

இதே மிசானோதான் 2012-இல் அவர் பட்டத்தைக் கெடுத்தது. லோரென்சோவைவிட 13 புள்ளி பின்தங்கி, தொடக்க வரிசையின் முதலிடமான போல் பொசிஷனில் நின்றார். இன்னொரு வீரரின் பைக் நின்றுபோனதால் தொடக்கம் தள்ளிப்போனது. திரும்பக் கிளம்பும் நேரத்தில் டானியின் முன்சக்கரத்தில் டயர் சூடேற்றும் உறை சிக்கிக்கொண்டு வரவில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு போய், வரிசையின் கடைசியிலிருந்து கிளம்ப வைத்தார்கள். முதல் சுற்றிலேயே இன்னொரு வீரர் பார்பெரா பின்னாலிருந்து மோதினார். முடிந்தது. இடைவெளி 38 புள்ளி ஆனது.

அதற்குப் பிறகு அராகோன், மொட்டேகி, செபாங் மூன்றையும் தொடர்ச்சியாக வென்றார். துரத்த வேண்டிய கட்டாயத்தில் பிலிப் ஐலண்டில் விழுந்தார், பட்டம் போனது. அந்த ஆண்டு டானிக்கு ஏழு வெற்றி, லோரென்சோவுக்கு ஆறு. முடிவு: 350-க்கு 332. அந்த உறை மட்டும் ஒழுங்காகக் கழன்றிருந்தால் என்று நான் இன்னமும் கணக்குப் போடுகிறேன். போடாமல் இருக்க முடியவில்லை.

28 ஏப்ரல் 2024

நேற்று ஜெரெஸ் ஸ்பிரின்ட்டில் தடம் ஆங்காங்கே ஈரம். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். ஈரத்தில் தவித்த அதே மனிதர் அசையாமல் ஓட்டி நான்காவதாக வந்தார். பிறகு மூன்றாவதாக முடித்த குவார்தராரோவுக்கு டயர் அழுத்த விதிமீறலுக்காக எட்டு வினாடி தண்டனை விழ, டானி மூன்றாமிடத்துக்கு ஏறினார். 38 வயதில்!

இரண்டாவது பெத்ரோ அகோஸ்டா, வயது 19. அவன் பிறந்தபோது டானி ஏற்கெனவே உலகச் சாம்பியன். அகோஸ்டா ஓட்டுவதும் டானி சோதித்துச் சீர்செய்து கொடுத்த அதே கேடிஎம் குடும்பத்து பைக்தான்.

ஸ்பிரின்ட் என்பதால் கிராண்ட் பிரி மேடைக் கணக்கில் இது சேராது. அது 153-லேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இன்று விழுந்துவிட்டார். இந்த ஆண்டு இன்னொரு வைல்டு கார்டு கொடுத்தால் முதல் பயிற்சியிலிருந்தே உட்கார்ந்து பார்ப்பேன்.