கர்த்தர் உம்முடனே

அதிகாலை மூன்றரை மணிக்குப் படலையைத் திறந்தபோது அக்கா ஏற்கெனவே வெளியே நின்றாள். ஒரு கையில் தண்ணீர்ப் போத்தல், மறு கையில் ரோச் லைற், காலில் அவளுடைய மகனின் பழைய சப்பாத்து. "மாதாவுக்காக வரவில்லை. உன் முழங்காலை நம்பி உன்னைத் தனியே விட முடியாது, அதற்காக வருகிறேன்" என்றாள். இதைச் சொல்வதற்காகவே இரவெல்லாம் விழித்திருந்தவள் போல இருந்தது.

ஆயித்தியமலை சதாசகாய மாதா திருத்தலம் மட்டக்களப்பு நகரில் இருந்து ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். செப்டெம்பர் முதல் வாரத் திருவிழாவுக்குப் பல ஊர்களில் இருந்தும் சனங்கள் கால்நடையாகவே போவார்கள். நேர்த்தி பலித்த பிறகு நடப்பதுதான் முறை. என் முழங்கால் இன்னும் குணமாகவில்லை. "முற்பணம் கட்டுகிறேன்" என்று மனைவியிடம் சொன்னேன். "மாதா சீட்டுப் பிடிப்பதில்லை" என்றுவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்கா எங்கள் கோவிலை விட்டுப் போய் இருபது வருடங்களாகின்றன. 2004 டிசெம்பர் 26 அன்று நாவலடியில் இருந்த வீட்டையும் அத்தானையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. எங்கள் பங்கில் இருந்து நிவாரணப் பொதி வந்தது. தவறாமல் வந்தது, பட்டியலில் கையொப்பமும் வாங்கினார்கள். பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் இருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். பொதி ஒன்றும் கொண்டுவரவில்லை. தினமும் பின்னேரம் வந்து, தறப்பாள் கொட்டிலில் அவளோடு தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்து அக்கா அந்தச் சபைக்குப் போகத் தொடங்கினாள். நான் அவளோடு நெடுநாள் பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு அப்போது வேதாகமக் காரணமெல்லாம் வைத்திருந்தேன். இப்போது அவை ஒன்றும் ஞாபகத்தில் இல்லை.

வலையிறவுப் பாலத்தை நெருங்கும்போது இருட்டு விலகவில்லை. வாவியில் ஒரு தோணி விளக்கு மட்டும் அசைந்தது. கூட்டத்தின் முன்பகுதியில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தருகே வந்ததும் அது தானாகத் தாழ்ந்தது. போர்க்காலத்தில் இந்த வழியால் ஆயித்தியமலைக்குப் போனவர்களுக்குப் பாலத்தடி என்றால் அடையாள அட்டை, சோதனை, வரிசை. 2018 நவம்பர் கடைசியில் வவுணதீவுக் காவலரணில் கடமையில் இருந்த இரண்டு பொலிசார் இரவில் கொல்லப்பட்டார்கள். பழைய கணக்கில் முன்னாள் போராளி ஒருவர் பிடிக்கப்பட்டார். அடுத்த ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகுதான் இரண்டும் ஒரே கையின் வேலை என்று தெரியவந்தது. பிடிபட்டவர் விடுதலையானார். சீயோனில் இறந்தவர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்து நின்ற சிறுபிள்ளைகள்.

அக்காவின் சபை அதுவல்ல. என்றாலும் அன்று காலை செய்தி வந்தபோது நான் எடுத்த முதல் அழைப்பு அவளுக்கு. அவள் எடுக்கவில்லை. பதினொரு தடவை எடுத்தேன். பன்னிரண்டாவது தடவை அவளே எடுத்து, "நீ எந்தப் பூசைக்குப் போனாய்? உயிரோடு இருக்கிறாயா?" என்று கத்தினாள். அவளும் என்னைத்தான் அழைத்துக்கொண்டிருந்தாளாம். அத்தனை வருடங்களுக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் வார்த்தைகள் அவை. பாலத்தைக் கடக்கும்வரை அதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

பாலத்துக்கு அப்பால் படுவான்கரை. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரை எழுவான்கரை, மேற்கே அது படும் கரை படுவான்கரை. நகரத்துக்காரர்களான எங்களுக்கு இந்தக் கரையில் இருந்து நெல்லும் தயிரும் வேண்டும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரும் வேண்டும். நாங்கள் இங்கே வருவது திருவிழாவுக்கு மட்டும். சிறுபோக வெட்டு முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. விடிந்த கொஞ்ச நேரத்திலேயே கச்சான் காற்று புழுதியை அள்ளி முகத்தில் போட்டது. ஒரு பிள்ளையார் கோவில் வாசலில் இளைஞர்கள் தாகசாந்தி வைத்திருந்தார்கள். மோர், எலுமிச்சந் தண்ணீர். திருநீறு பூசிய பையன் ஒருவன் என் செபமாலையைப் பார்த்துவிட்டு, "ஐயா, இன்னும் பாதி இருக்கிறது, இரண்டு குவளை குடியுங்கள்" என்றான். அவன் சொன்ன பாதி உண்மையில் பாதியைவிடக் கூட.

மோர் உள்ளே போனதும் எங்கள் சண்டை தொடங்கியது. தொடக்கியவன் நான்தான்.

"உங்கள் சபையில் ஏன் அவ்வளவு சத்தம்? கடவுளுக்குக் காது கேட்காதா?"

"உங்கள் கோவிலில் ஏன் அவ்வளவு அமைதி? அவருக்கு நித்திரை வந்துவிடாதா?"

பிறகு அவள் எழுப்புதலைப் பற்றிச் சொன்னாள். பழைய சபைகள் சடங்கில் உறைந்து போய்விட்டனவாம். ஆவியானவர் புதிதாக ஊற்றப்படும் இடங்கள் வேறாம். எனக்குக் கோபம் வரவில்லை, வரலாறுதான் வந்தது. புளியந்தீவில் வாவியைப் பார்த்தபடி சிலையாக நிற்கும் வில்லியம் ஓல்ட்டை எடுத்துவிட்டேன். மனைவியைக் கடற்பயணத்திலேயே பறிகொடுத்து 1814-இல் இங்கே வந்து இறங்கிய மெதடிஸ்த மிஷனரி. எட்டு மாதங்களில், 1815-இல், தானும் இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் மெதடிஸ்த மத்திய கல்லூரியாக நிற்கிறது. "அவர் வந்த காலத்தில் மெதடிஸ்த சபைதான் எழுப்புதல் சபை, அக்கா. அதைத் தொடங்கிய வெஸ்லி வெட்டவெளியில் பிரசங்கித்தார், சனங்கள் அழுதார்கள், விழுந்தார்கள். இங்கிலாந்தின் பழைய கோவில்காரர்கள் இப்போது நான் கேட்டதைத்தான் கேட்டார்கள்: ஏன் இவ்வளவு சத்தம்? இன்று மெதடிஸ்தரைப் பார்த்து நீ உறைந்துவிட்டார்கள் என்கிறாய். உன் சபைக்கும் இருநூறு வருடம் ஆகட்டும்."

அவள் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். "அப்படியென்றால் உறைவது குற்றமில்லை என்கிறாயா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. நல்லவேளையாக ஒரு லொறி வந்தது, ஒதுங்க வேண்டியிருந்தது.

எங்களுக்கு முன்னால் ஓர் ஆச்சி வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. கூட்டம் "அருள் நிறைந்த மரியே வாழ்க, ஆண்டவர் உம்முடனே" என்று சொல்லும்போதெல்லாம் அவர் மட்டும் தன் பாட்டில் வேறெதையோ முணுமுணுத்தார். அக்காதான் முதலில் கவனித்தாள். என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பிரியதத்தத்தினாலே பூரண மரியே வாழ்க. கர்த்தர் உம்முடனே."

அம்மம்மாவின் செபம். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது, விளக்கு வைத்ததும் பாயில் இருத்திச் சொல்லித் தந்த அதே சொற்கள். பிரியதத்தம் என்றால் என்னவென்று அம்மம்மாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. சிலுவை போடும்போது அவர் "இஸ்பிரீத்து சாந்து" என்பார். போர்த்துக்கேயர் வாயில் இருந்து விழுந்து நானூறு வருடமாக நம் நாக்கில் கிடந்த சொல் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பரில் வழிபாட்டைப் பற்றிய தன் முதல் ஏட்டை வெளியிட்டு, சனங்களின் மொழிக்குக் கதவைத் திறந்தது. அதற்கு முன் பூசை இலத்தீனில். குருவானவர் பீடத்தைப் பார்த்து நிற்க, சனங்கள் பின்னால் இருந்து செபமாலை சொல்வார்கள். பூசை தமிழுக்கு வந்தது, மிருதங்கமும் வந்தது, குருவானவர் எங்கள் பக்கம் திரும்பினார். அந்தக் காற்றோடு பழைய செபங்களும் மாறின. இஸ்பிரீத்து சாந்து தூய ஆவியானார், பிரியதத்தம் அருளானது, கர்த்தர் ஆண்டவரானார். எல்லாம் நல்ல மாற்றங்கள்தான், புரிகிறது. ஆனால் இந்தக் கடைசிச் சொல்லை மட்டும் விட்டிருக்கலாமோ என்று அந்தப் புழுதியில் நின்றபோது தோன்றியது. எங்கள் பக்கம் அது போயே போய்விட்டது. அக்காவின் சபையிலோ நொடிக்கு ஒரு தடவை "கர்த்தர்".

"அம்மம்மாவின் சொல் இப்போது என்னிடத்தில்தான் இருக்கிறது" என்றாள் அக்கா. வென்றவளின் குரல் அல்ல அது.

ஆச்சி திரும்பிப் பார்த்தார். "மனே, அங்கே கல் கிடக்கிறது, பார்த்து நட" என்று எனக்குச் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தார். செபமாலையின் அடுத்த மணிக்கு அக்காவின் உதடு அசைந்ததா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று வயல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெயில் ஏறிய பிறகு என் கால் இழுக்கத் தொடங்கியது. ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருந்த இளைஞர்களின் சட்டையில் "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று அச்சிட்டிருந்தது. அது 2025 யூபிலி ஆண்டின் வாசகம். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் பங்கில் ஆயர் மாமன்றத்துக்காக நடந்த கருத்துக் கேட்பு ஞாபகம் வந்தது. 2021 முதல் 2024 வரை உலகெங்கும் நடந்த அந்த மாமன்றம், கோவிலில் சாதாரண சனங்களின் குரலைக் கேட்பதற்கென்றே கூட்டப்பட்டது. மாமன்றத்தைக் குறிக்கும் சினோட் என்ற கிரேக்கச் சொல்லுக்கே சேர்ந்து நடக்கும் வழி என்றுதான் பொருளாம். எங்களிடம் கேள்வித்தாள் ஒன்று தந்தார்கள். ஒலிவாங்கி இருபது நிமிடம் வேலை செய்யவில்லை. வந்திருந்த பதினான்கு பேரில் பாதிப்பேர் திருவிழாக் கணக்கைப் பற்றித்தான் பேசினோம். "விலகிப் போனவர்கள் ஏன் போனார்கள்?" என்று ஒரு கேள்வி இருந்தது. நான் அந்த இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். பதில் தெரியாமல் இல்லை.

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ஹெபர்ட் சுவாமி இருந்திருந்தால் கேள்வித்தாள் தந்திருக்க மாட்டார்" என்றாள். அமெரிக்காவில் இருந்து வந்த யேசுசபைத் துறவி அவர். புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாள் அன்று, வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இன்றுவரை தடயம் இல்லை. சபைக்குப் போய் இருபது வருடமாகியும் அக்கா அவரைப் பாஸ்டர் என்றோ ஃபாதர் என்றோ சொல்லவில்லை, சுவாமி என்றே சொன்னாள்.

ஆயித்தியமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் பதினொன்று தாண்டிவிட்டது. கச்சான் கடை, ஐஸ் பழம், பிளாஸ்ரிக் துப்பாக்கி, மெழுகுதிரி, ஒலிபெருக்கியில் காணாமல் போன பிள்ளையின் பெயர்: எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. நான் வரிசையில் நின்று, மாதாவின் முன்னால் முழங்காலில் இருக்க முயன்று, பாதியில் கைவிட்டு, நின்றபடியே செபித்தேன். முற்பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கே தெரியும்.

அக்கா உள்ளே வரவில்லை. திரும்பி வந்து தேடியபோது படங்கள் விற்கும் ஒரு மேசையின் முன்னால் நின்றாள். கையில் சட்டமிட்ட சதாசகாய மாதா படம். உரோமையில் 1866-இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்த பழைய ஓவியத்தின் பிரதி. எங்கள் வீட்டிலும் இருந்தது, நாவலடியிலும் இருந்தது. இரண்டு பக்கமும் வானதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி நிற்க, பயந்துபோன பிள்ளை தாயின் கையை இரண்டு கைகளாலும் பிடித்திருக்கும்.

"இதைப் பார், பிள்ளைக்கு ஒரு செருப்புக் கழன்று தொங்குகிறது. அறுபது வருடத்தில் நான் இதைக் கவனிக்கவே இல்லை" என்றாள்.

"பயத்தில் ஓடி வந்ததாம், அதனால் கழன்றதாம். அப்படித்தான் சொல்வார்கள்."

"போட்டுவிட அவளுக்குக் கை இல்லை. ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையைப் பிள்ளை பிடித்திருக்கிறது." படத்தை மேசையில் வைத்தாள். வாங்கவில்லை. கடைக்காரர் இருபது ரூபாய் குறைத்தும் வாங்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் இருக்கை ஒன்றுதான் கிடைத்தது. அவள் என்னை இருத்திவிட்டு நின்றுகொண்டாள். உன்னிச்சைக்குத் திரும்பும் சந்தி தாண்டியதும் குனிந்து, "அடுத்த வருடம் உன் கால் சுகமாகிவிட்டால் நான் வர மாட்டேன்" என்றாள்.

"சுகமாகாது" என்றேன்.