பச்சை ஏறினா டோபமைன்தானா?

மகிழ்ச்சி ரசாயனம்னு பேர் வாங்கின டோபமைன் எலி மூளைக்குள்ள வெளியாகுறத ஸ்க்ரீன்ல கோடா பாக்குறதுதான் நம்ம வேலை. கேள்விப்படுற எல்லாரும் "அப்போ எலி சந்தோஷப்படுறது தெரியுமா"னு கேப்பாங்க. அட அதெல்லாம் இல்லைங்க, தெரியுறது பச்சை ஒளி கூடுறதும் குறையுறதும்தான், அது டோபமைனாலதான்னு நிரூபிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும்.

டோபமைன் ரிசெப்டர்ங்கிறது டோபமைன் வந்து ஒட்டுற புரதம், செல் சவ்வ ஏழு தடவ ஊடுருவி நிக்கும், அஞ்சாவது ஊடுருவலுக்கும் ஆறாவதுக்கும் நடுவுல செல்லோட உள்பக்கம் ஒரு வளையம் இருக்கும், அந்த எடத்துல ஜெல்லிமீன்ல இருந்து வந்த, பச்சையா ஒளிர்ற ஜிஎஃப்பிங்கிற புரதத்த கொஞ்சம் மாத்தி சொருகிடுறாங்க, டோபமைன் வந்து ஒட்டினா ரிசெப்டர் வடிவம் மாறும், ஜிஎஃப்பி பளிச்சுனு ஆகும். 2018லயே இப்படி ரெண்டு சென்சார் வந்துச்சு, லின் டியான் குழுவோட டிலைட், யூலாங் லீ குழுவோட கிராப். அதுக்கு முன்னாடி மைக்ரோடயாலிசிஸ்னா மூளைக்குள்ள மெல்லிய குழாய் வச்சு நிமிஷக்கணக்குல திரவம் சேக்கணும், ஒரு செகண்ட்ல நடந்தது அதுல கரைஞ்சே போயிடும். மின்முனை வச்சு அளக்குற வோல்டாமெட்ரி வேகம்தான், ஆனா டோபமைனும் நார்அட்ரினலின்ங்கிற இன்னொரு மூளை ரசாயனமும் அதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் தெரியும்.

இப்போ வைரஸ் வழியா சென்சார் ஜீன உள்ள அனுப்பி, சில வாரம் காத்திருந்து, மூளைக்குள்ள வச்ச மெல்லிய ஒளியிழை ஃபைபர் வழியா 470 நானோமீட்டர் நீல ஒளி விடுறோம். எலி சர்க்கரைத் தண்ணிய நக்கும், கோடு ஜிவ்வுனு ஏறும். புதுசா சேந்தவங்க உடனே போட்டோ எடுப்பாங்க, நான் 405 நானோமீட்டர் ஊதா ஒளி சேனல பாப்பேன், டோபமைனுக்கு அசையக்கூடாதுன்னு ஒப்பீட்டுக்கு வச்சிருக்குறது அது. அதுவும் கூடவே ஏறியிருந்தா கேபிள் ஆடினதா இருக்கலாம். அந்த 405ம் கால்சியம் சென்சார் ஜிகேம்ப்புக்கு பழகின நம்பர், எல்லா சென்சாருக்கும் ஒத்துவராது. போதாததுக்கு ரத்தம் வேற 405 பக்கம் ஒளிய நல்லா உறிஞ்சும், அதனால ரத்த ஓட்டம் மாறினாலும் கோடு அசையும்.

மருந்து கொடுத்து செக் பண்ணலாமேம்பாங்க. டிலைட் டி1ங்கிற டோபமைன் ரிசெப்டர்ல செஞ்சது, அத அடைக்கிற எஸ்சிஎச் 23390 மருந்த போட்டா சிக்னல் அடங்கணும், அடங்கும். ஆனா அதே மருந்து எலியவும் அடக்கி உக்கார வச்சிடும், அப்போ சென்சார் அடைபட்டுச்சா, இல்ல எலி எதுவும் பண்ணாததால டோபமைனே வரலையா? அதனால எனக்கு மருந்த விட டோபமைன் ஒட்டாத மியூட்டன்ட் சென்சார் மேலதான் நம்பிக்கை, அதே ஒளி, அதே மாதிரி எலி அசைவு, டோபமைன் மட்டும் ஒட்டாது. அதுக்குன்னு தனி எலிங்க வேணும்னு சொன்னா மீட்டிங்ல முகம் சுருங்கும், பரவால்ல.

இன்னொண்ணு, நமக்கு கிடைக்கிறது டெல்டா எஃப் பை எஃப், அதாவது ஆரம்ப ஒளியோட ஒப்பிட்டா ஒளி எவ்ளோ சதவீதம் மாறுச்சுங்கிறது, டோபமைன் அளவு இல்ல. இந்த எலியோட அஞ்சு சதவீதமும் பக்கத்து எலியோட அஞ்சு சதவீதமும் ஒண்ணுன்னு யாராவது ஸ்லைடு போட்டா கடுப்பாகும்.

இப்போ பச்சையில ஒண்ணு சிவப்புல ஒண்ணுன்னு ரெண்டு ரசாயனத்த சேத்தே பாக்க ஆரம்பிச்சிருக்கோம், அருமையாத்தான் இருக்கு, ஆனா எம்ஆப்பிள்ங்கிற சிவப்பு ஒளிர் புரதத்துல செஞ்ச சென்சாருங்க நீல ஒளி பட்டா டோபமைன் இல்லாமலே பிரகாசமாகும், ஆக அதுக்கும் ஒரு கண்ட்ரோல் போட்டாகணும்.